எதிரெதிராகச் சுழலும் விண்மீன்கள் எதைச் சொல்கின்றன?

கேள்வி: என்ஜிசி 4550 என்னும் விண்மீன் திரளின் வட்டில் ஏறத்தாழப் பாதி விண்மீன்கள் ஒரு திசையிலும் மற்றவை எதிர்த்திசையிலும் சுற்றுவதை வானியலாளர் வேரா ரூபின் குழுவினர் 1992இல் அறிவித்தனர். இது எப்படி நேர்ந்திருக்கும்?

மறுமொழி 1: முதல் வட்டு உருவான பிறகு, எதிர்ச்சுழற்சியுடன் வெளியிலிருந்து விழுந்த வாயு இரண்டாம் வட்டாகத் திரண்டு விண்மீன்களாக மாறியிருக்கலாம். வாயுக்கள் மோதிக்கொண்டால் வேகம் இழக்கும். விண்மீன்களோ வெகு தொலைவு விலகியிருப்பதால் உரசாமல் கடந்துவிடுகின்றன, அதனால்தான் இரு ஓட்டங்களும் கலையாமல் நீடிக்கின்றன.

மறுமொழி 2: விண்மீன்கள் எங்கே, எப்படிப் பிறந்தன என்பதை அறிய இயக்கத்தோடு வேதியியலையும் பார்க்க வேண்டும். பெருவிண்மீன்கள் விரைவில் வெடித்து மக்னீசியத்தைத் தந்துவிடும். இரும்பின் பெரும்பகுதி, எரிந்து தீர்ந்த விண்மீன்களின் எச்சமான வெண்குறுமீன்கள் வெடிக்கும்வரை தாமதிக்கும். அதனால் மெதுவாக வளரும் திரளில் இரும்பு சேர நேரம் கிடைக்கும். நம் பால்வீதியில் கையா விண்கலத் தரவுகளால் 2018இல் இனங்காணப்பட்ட, மிக நீள்வட்டப் பாதைகளில் செல்லும் விண்மீன்களில் இரும்பை ஒப்பிட மக்னீசியம் குறைவு. அப்படி மெதுவாக வளர்ந்து, சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுங்கப்பட்ட ஒரு சிறு திரளின் எச்சம் அவை.

கேட்டவர்: அப்படியானால் 4550இன் இரு வட்டுகளின் வயதையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவதே வழி.