லீட்ஸில் சைவச் சாப்பாடு போடும் பீர்க்கடை: வீட்டுக்காரியை எப்படிக் கூட்டிப் போவது?

பால்மரத்தான் (பீடோங்):

எல்லாருக்கும் மலேசியாவிலிருந்து வணக்கம். மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் படிப்பை முடிக்கிறாள், ஜூலையில் கொன்வோ, பட்டமளிப்பு விழா. நான், வீட்டுக்காரி, சின்னவன் மூன்று பேரும் போகிறோம். டிக்கெட் எடுத்தாச்சு, குளிர்ச்சட்டை வாங்கியாச்சு, சிக்கல் சாப்பாட்டில் வந்து நிற்கிறது.

போய் இறங்குகிற அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகள் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறாள். பெயர் பந்தோபஸ்த். ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாமாம், மில் ஹில் என்கிற தெரு. பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரி, "ஏன், போலீஸ் காவல் போட்டுத்தான் அங்கே சோறு போடுவாங்களா?" என்றாள். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் மகள் படம் அனுப்பினாள். ஒரு படத்தில் பன்னுக்குள் வடை, நீளமாக அரிந்து பொரித்த வெண்டைக்காய். அடுத்த படத்தில் வரிசையாகப் பீர்க் குழாய்கள். "கள்ளுக்கடைக்கா என்னைக் கூப்பிடுறீங்க?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தவள்தான், இரண்டு நாளாக அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டு அசைவத்தை விட்டவள், 18 வருடம் ஆகிறது. அதோடு அவளுடைய தாத்தா 1947இல் தோட்டத்து ஆட்கள் கள்ளுக்கு எதிராகக் கட்டிய தொண்டர் படையில் இருந்தவர், இதே பீடோங்கில் கள்ளுக்கடை மறியலுக்குப் போய்ப் போலீஸிடம் அடி வாங்கியவர். அந்த வீட்டில் பீர் என்கிற சொல்லே கெட்ட வார்த்தை. நானே தீபாவளிக்கு இரண்டு கார்ல்ஸ்பெர்க் டின்னைப் பின்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்துதான் குடிப்பேன், பின்கதவை அவள் சாத்திவிடுவாள்.

கேட்க வந்தது இதுதான். அங்கே சமையல் நிஜமாகவே முழுச் சைவமா? குடிகாரர்கள் மேலே வந்து விழுவார்களா? பொம்பளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடமா? போனவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மழைக்கோட்டு (சுங்கை பட்டாணி, ஆறு வருடம் லீட்ஸ்):

அண்ணே, எனக்கு அந்தக் கடை நன்றாகத் தெரியும், படிக்கும்போது மாதம் இரண்டு தடவையாவது போவேன். முழுச் சைவம்தான், அடுப்படியில் கறி, மீன் எதுவும் கிடையாது. கடையை 2014இல் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஒருவர் மயூர் பட்டேல். பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டில் பிரஷாத் என்று குஜராத்திச் சைவக்கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா அம்மா 1992இல் துணி துவைக்கிற கடையாக இருந்த ஓர் இடத்தை வாங்கிப் பலகாரக் கடையாக மாற்றினார்கள், 2010இல் பிரபல சமையல்காரர் கார்டன் ராம்சேயின் டிவி போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். இன்னொருவர் மார்கோ ஹுசாக், அதே பிராட்ஃபோர்டில் பீர்க்கடை வைத்திருந்தவர். ஒருவருக்குச் சமையல் தெரியும், இன்னொருவருக்குப் பீர் தெரியும், அதுதான் கடை. அப்புறம் மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் திறந்தார்கள், மான்செஸ்டரில் 2021இல் சொந்தமாகவே பீர் காய்ச்சத் தொடங்கினார்கள்.

சாப்பாடு தட்டில் வராது, சின்னச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் வரும். கவுண்டரில் போய்ச் சொல்லிக் காசு கட்டிவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். ஒரு கிண்ணம் ஓர் ஆளுக்குப் பத்தாது, நாலு பேர் என்றால் ஏழெட்டு வாங்கி நடுவில் வைத்து ஆளுக்கு ஆள் எடுத்துச் சாப்பிடுங்கள். வெண்டைக்காயை மறக்காதீர்கள். கடலை மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கருப்பு உப்பும் மாங்காய்ப் பொடியும் தூவித் தருவார்கள். நம் வீட்டு வெண்டைக்காய் வதக்கலில் இருக்கிற வழவழப்பு துளி இருக்காது, கடித்தால் மொறுக்கென்று உடைந்து முதலில் புளிப்பு, அப்புறம் அந்தக் கருப்பு உப்பு வாடை. வடா பாவ் என்பது பம்பாய்ச் சமாச்சாரம், உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் வைத்துச் சட்னியோடு அமுக்கித் தருவது. சோறு இறங்கினால்தான் சாப்பிட்ட மாதிரி என்பவர்களுக்குப் பருப்பும் சோறும் இருக்கும், அக்காவுக்கு அது போதும்.

கூட்டத்தைப் பற்றி: நீள மேசை, பெஞ்சு, பக்கத்தில் தெரியாத ஆள் உட்காருவார். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வருகிற பெண்கள், பேரனோடு வருகிற பாட்டிகள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளி, சனி ராத்திரி சத்தம் காதைப் பிளக்கும், ஒருவர் மேல் ஒருவர் விழமாட்டார்கள் என்றாலும் அக்காவுக்குப் பிடிக்காது. இறங்குகிற நாள் வெள்ளிக்கிழமையா என்று பாருங்கள். வாரநாளில் மத்தியானமாகப் போவது நல்லது.

குரூண்காரி:

அண்ணிக்கு இந்தக் கடையைப் பற்றிப் பயம் வேண்டாம், பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் தம்பியைப் பார்க்க அந்தப் பக்கம் போனபோது, பசி தாங்காமல் மீனும் கிழங்கும் விற்கிற ஒரு கடையில் வெறும் உருளைக்கிழங்கு மட்டும் கேட்டு வாங்கினேன். கிழங்குதானே, சைவம்தானே என்று. வினிகர் ஊற்றிச் சுடச்சுடப் பாதிக்கு மேல் சாப்பிட்டாச்சு, என்ன இவ்வளவு மணமாக இருக்கிறது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தம்பி மெதுவாகச் சொன்னான், இந்த யார்க்‌ஷைர் பக்கத்தில் பழைய வழக்கப்படி பொரிப்பது மாட்டுக் கொழுப்பில் என்று. அன்றைக்கு நான் இருந்த இருப்பு! ஊருக்குத் திரும்பி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்ட பிறகுதான் மனசு ஆறியது. எண்ணெயில் பொரிக்கிற கடைகளும் உண்டு, கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், ஆனால் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிய வேண்டுமே. எண்ணெயாகவே இருந்தாலும் மீன் பொரித்த சட்டியா என்று அதையும் கேட்கணும்.

ஆக பீர்க்கடையில் உட்கார்ந்தால் மாட்டுக் கொழுப்பு கிடையாது, பார்க்க வெறும் சாப்பாட்டுக்கடையாக இருக்கிற இடத்தில்தான் எது எதில் பொரிந்தது என்று தெரியாது. எனக்குக் குழாய் வரிசை பெரிதாகத் தோன்றவில்லை. அண்ணியை அதற்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், முடிந்தது வேலை.

நுரை (ஈப்போ):

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பீருமே எல்லாம் சைவம் இல்லை. கலங்கலைத் தெளிய வைக்க மீனுடைய காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு சரக்கைப் போடுவார்கள், நம் ஊர்ச் சீனர் கடையில் சூப்புக்குக் காயவைத்து விற்பார்களே அதே பை. இங்கிலாந்தில் பீப்பாயிலேயே கடைசியாக நொதித்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிற பீரில்தான் இது அதிகம். சும்மா குழாயைத் திருப்பி ஊற்றுகிற பீர்களில் பெரும்பாலும் இருக்காது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் நாய் மார்க் என்று சொல்கிற கின்னஸில்கூட ஒரு காலத்தில் அதைப் போட்டார்கள், டப்ளினில் சில வருடங்களுக்கு முன்பு நிறுத்திவிட்டார்கள். அண்ணே, நீங்கள் குடிக்கப்போகிறவர், அண்ணி இல்லை, இருந்தாலும் அண்ணி கேட்டால் பதில் வேண்டுமில்லையா.

கார்ல்ஸ்பெர்க் குடித்த நாக்கோடு போகிறீர்கள், அதனால் இன்னொன்று. பலகையில் ஒவ்வொரு பீர் பக்கத்திலும் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் கை நீட்டாதீர்கள். நமக்குப் பழக்கம் 5. அங்கே 4உம் இருக்கும், பக்கத்திலேயே 7, 8உம் இருக்கும், பார்க்க எல்லாம் ஒரே மஞ்சள்தான். ஒரு பைண்ட் 568 மில்லி, நம் பெரிய டின்னைவிடக் கூட. அரைப் பைண்ட் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், இரண்டு அரையாக இரண்டு வகை குடித்துப் பாருங்கள். ஐபிஏ என்று போட்டிருந்தால் அந்த ஐ இந்தியாதான், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டனிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா, பம்பாய் போன பீரின் வாரிசு, பாகற்காய்க் கசப்பு கசக்கும். எண்ணெய்ப் பலகாரத்தோடு அந்தக் கசப்பு நன்றாகப் போகும், வெறும் வயிற்றில் வேண்டாம். புளிப்புப் பீர் என்று ஒன்று இருக்கும், அதை ஒரு வாய் குடித்தீர்கள் என்றால் இறக்கி மத்தியானம் தாண்டிப் புளித்த தென்னங்கள்ளு ஞாபகம் வரும், நான் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டாம்.

சின்னவனுக்கு என்ன வயசு? நம் நாட்டில் குடிக்கிற வயதை 2017 டிசம்பரிலிருந்து 21 ஆக்கிவிட்டார்கள், அங்கே 18தான்.

பழைய மண்டோர் (கூலிம்):

தம்பிகளா, எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், ஆகவே எழுதுகிறேன். எனக்கு 78 வயது. அந்தப் பெண் கள்ளுக்கடை என்று சொன்னது சும்மா சொன்ன சொல் இல்லை.

சம்பள நாள் சாயந்திரம் என் அம்மா என்னைத்தான் அனுப்புவார். கடைக்குச் சுற்றிலும் வேலி, பொம்பளைகள் உள்ளே போவது கிடையாது. நான் கால்களுக்கு நடுவே நுழைந்து போய் அப்பா சட்டையைப் பிடித்து இழுப்பேன். அவர் கையில் நீல விளிம்பு போட்ட வெள்ளை மங்குக் குவளை, அடியில் பெயிண்டு பெயர்ந்து கருப்பாக இருக்கும். ஒரு கையில் அதை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் சட்டைப் பையைத் தடவி எனக்குக் காசு எடுத்துக் கொடுப்பார், அம்மாவிடம் கொடு என்று. பாதி நாள் அது ஒரு வெள்ளிக்கு (நம் நாட்டுக் காசு) மேல் இருக்காது. கடையில் மீதிச் சம்பளம். அந்தக் கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, கூலி கொடுத்த தோட்டத்துக்குள்ளே. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்து ஆட்கள் தொண்டர் படை கட்டி மறித்தது இதைத்தான். பீடோங்கில் அதில் ஓர் ஆள் செத்தே போனான். அந்தத் தாத்தாவின் பேத்தியிடம் போய், சைவம் போடுகிறார்கள், முதுகைத் திருப்பி உட்கார் என்றால்? வெண்டைக்காய் பொரித்துப் போட்டால் கடை கோயிலாகிவிடாது.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் அந்தச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி அறைக்கு வாங்கி வாருங்கள். பிடித்திருந்தால் அவளே கேட்பாள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பால்மரத்தான் (பீடோங்):

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது, பதில் எழுதியவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஐயா சொன்ன மாதிரிதான் செய்தோம். முதல் ராத்திரி மகளும் சின்னவனும் போய் வாங்கி வந்தார்கள். அறைக்கு வருவதற்குள் வெண்டைக்காய் கொஞ்சம் தொய்ந்துவிட்டது. வீட்டுக்காரி ஒன்றை எடுத்துக் கடித்து, மோந்து பார்த்து, இது என்ன உப்பு என்றாள். கிண்ணம் காலியானது. "சூடாக இருந்தா இன்னும் நல்லா இருக்கும்போல" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாலாம் நாள், புதன்கிழமை மத்தியானம், நல்ல மழை. ஸ்டேஷன் பக்கம் நின்றிருந்தோம். "அந்தப் போலீஸ் காவல் கடை இங்கேதானே" என்று அவளே கேட்டாள். போனோம். குரூண்காரி தங்கச்சி சொன்னபடி குழாய்க்கு முதுகு காட்டி இடம் பிடித்தேன், அவள் என்னை எழுப்பிவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள், குழாயை நேராகப் பார்த்தபடி. "யார் யார் என்ன குடிக்கிறாங்கன்னு தெரியணுமில்ல." பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஒற்றையாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் கருப்பு பீரும் பொரியில் கலந்த பேல் பூரியும் வைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி அவரையேதான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அரைப் பைண்ட் ஒன்று, 4 விழுக்காடு. சின்னவனுக்கு 19, "அங்கே 18தான்" என்று இந்தத் திரியைப் படித்துவிட்டு வந்திருக்கிறான், நுரைத் தம்பி, உங்களுக்கு ரொம்ப நன்றி. அவன் அம்மா பார்த்த ஒரு பார்வையில் மாங்காய் லஸ்ஸி வாங்கிக்கொண்டான். புளிப்புப் பீரை மகள் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தேன், தம்பி சொன்னது சரி, என் அப்பா வாசனை அடித்தது.

வடா பாவ் அவளுக்குப் பிடிக்கவில்லை, பன்னு எதற்கு, வடை போதாதா என்றாள். பருப்பு நம் பருப்பு மாதிரி இல்லை என்றாள். வெண்டைக்காய் மட்டும் மூன்று கிண்ணம்.

இப்போது வீட்டில் செய்து பார்க்கிறாள். கடலை மாவு சரியாக வந்துவிட்டது, கருப்பு உப்பும் கிடைத்துவிட்டது. மாங்காய்ப் பொடிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தாள், மொறுமொறுப்பு போய்ச் சொதசொதவென்று ஆகிவிட்டது, என் மேல்தான் கோபம். சுங்கை பட்டாணியில் மாங்காய்ப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா? தீபாவளிக்கு முன்னால் வேண்டும்.