உதவி: பசு முதுகில ஊத்தின உண்ணி மருந்து வேலை செய்யேல்ல

மட்டக்குளி தம்பி:
வணக்கம். வீட்டில ரெண்டு பசு, ஒண்டு கறவை. காதடியிலயும் மடிப்பக்கமும் உண்ணி கொத்துக் கொத்தா இருக்கு. தெரிஞ்ச ஒராள் முதுகில ஊத்துற மருந்து சோடாப் போத்தலில தந்தவர். 10 நாளைக்கு முந்தி, கறவையைக் குளிப்பாட்டின கையோட, தேத்தண்ணிக் கோப்பையில கால்வாசி ஊத்தினன். இப்ப திரும்பவும் உண்ணி. அண்டைக்கு இரவு முழுக்க என்ர புறங்கையும் எரிஞ்சு விறுவிறுத்தது. இன்னும் கொஞ்சம் கூட ஊத்தலாமோ?

வத்தளை அக்கா:
ஊத்தாதீங்க தம்பி! முதல்ல என்ன மருந்தெண்டு கேளுங்க. ஐவர்மெக்டின் எண்டா பாலில இறங்கும், கறவை மாட்டுக்கு ஆகாது. தெரியுமட்டும் பாலை ஒருத்தருக்கும் குடுக்காதீங்க. அந்தச் சோடாப் போத்தலைப் பூட்டி வையுங்க, பிள்ளைகள் குளிர்பானம் எண்டு வாயில வச்சிடும். ஆரும் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க.

மட்டக்குளி தம்பி:
கேட்டன் அக்கா, புளூமெத்ரின் 1%. லேபிள் படமும் அனுப்பினவர். பாலை நிப்பாட்டிட்டம்.

மிருக வைத்தியர்:
நல்லது. பால் எத்தனை நாள் நிறுத்த வேணுமெண்டு அந்த லேபிளில பாருங்க, அதுதான் கணக்கு. கையெரிவு இந்த வகை மருந்து தோலில பட்டா வாறது, ஒரு நாளுக்குள்ள தணியும். அடுத்தமுறை ரப்பர் கையுறை, நீளக்கைச் சட்டை. பட்டா உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க.

ஈரத்தோலில மருந்து சரியாப் பரவாது. மழை இல்லாத நாளில, மாடு நல்லாக் காய்ஞ்ச பிறகு, தோளிலிருந்து வாலடி வரை நடுமுதுகில கோடா ஊத்துங்க. புண்ணில வேண்டாம், தண்ணி கலக்கவும் வேண்டாம். 10 கிலோவுக்கு 1 மில்லிலீட்டர். நிறைக்கு, முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுற்றளவையும் தோளிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் அங்குலத்தில எடுங்க. சுற்றளவு × சுற்றளவு × நீளம், அதை 660ஆல பிரிச்சா ஏறத்தாழ கிலோ.

ஒண்டு சொல்லுங்க: இப்ப இருக்கிறது எள்ளளவோ, ரத்தம் குடிச்சு மொச்சைக்கொட்டை போல ஊதினதோ?

மட்டக்குளி தம்பி:
எள்ளளவு டொக்டர். சுற்றளவு 60, நீளம் 54. 295 கிலோ வருது.

மிருக வைத்தியர்:
அப்ப 30 மில்லிலீட்டர் போதும். நீங்கள் அதுக்கு மேலதான் ஊத்தியிருப்பீங்க. எள்ளளவு எண்டா நிலத்திலிருந்து புதுசா ஏறினது. ஊதின பெண் உண்ணி கீழ விழுந்து ஆயிரக்கணக்கில முட்டையிடும். கொட்டில் வெடிப்புகளைச் சீமெந்தால அடையுங்க, சாணத்தை அள்ளுங்க, மற்றப் பசுவுக்கும் அளவாப் போடுங்க. கறவைக்கு லேபிளில சொன்ன இடைவெளிக்கு முதல் திரும்ப வேண்டாம். சரியா ஊத்தியும் ஊதின உண்ணி நிண்டா வேற வகை மருந்துக்கு மாறவேணும், அதை நேரில பார்த்துத்தான் சொல்லலாம்.

மிச்ச மருந்தைக் கானில ஊத்தாதீங்க. களனி கங்கைக்குப் போனா மீன் செத்திடும். பூனையையும் மாட்டோட ஒட்டிப் படுக்க விடாதீங்க. உண்ணியால வாற காய்ச்சல் இருக்கோ எண்டு பார்க்கக் கேக்கிறன், பசுவுக்கு மூத்திரம் சிவப்பாப் போகுதோ?

மட்டக்குளி தம்பி:
இல்லை, வெளிர்மஞ்சள்தான். காய்ச்சலும் இல்லை, நல்லாத் தின்னுது. பூனையை வீட்டுக்குள்ள எடுத்திட்டன். நாளைக்குக் காலமை போத்தலோட மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போறன்.