அக்டோபரில் ஒன்பது நாள்: பழைய ஊரும் வேண்டும், கடலும் வேண்டும்

கேள்வி: மூன்றுபெட்டி

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது. கணவரின் வேலை அப்படி, மாதத்தை மாற்றவே முடியாது. நான், கணவர், பத்து வயதுப் பையன், எழுபத்தொரு வயது அத்தை என நான்கு பேர். அத்தைக்கு வலது முழங்கால் வலி. சமதளம் என்றால் அரை மணி நேரம் நடந்துவிடுவார். படி என்றால் பத்துக்கு மேல் முடியாது. ஆனால் ஊர் பார்க்கும் ஆசை எங்கள் மூவரையும்விட அவருக்குத்தான் அதிகம்.

எனக்கு மதில், சந்து, இடிந்த கோயில் என்று பழைய ஊர்கள் பிடிக்கும். கணவருக்கும் பையனுக்கும் கடலில் இறங்கினால் போதும். போன தடவை இரண்டையும் தனித்தனி மூலையில் வைத்துத் திட்டம் போட்டு, லீவில் பாதி பஸ்ஸிலேயே போய்விட்டது. இந்தத் தடவை ஒரே கரையோரமாக இருப்பதாகப் பார்த்து மூன்று ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன்:

வியட்நாமில் ஹோய் அன், டா நாங்.
குரோஷியாவில் டுப்ரோவ்னிக், ஸ்பிளிட்.
இலங்கையில் காலி, உனவட்டுன.

எதை எடுப்பது? தங்குவது பழைய ஊருக்குள்ளா, கடற்கரையிலா? போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: கடற்காகம்

கண்ணை மூடிக்கொண்டு ஹோய் அன். நாங்கள் மார்ச்சில் ஐந்து நாள் இருந்தோம். ஊரே சமதளம், அத்தைக்குக் கவலையில்லை. பழைய தெருக்களில் நாளின் பெரும்பகுதி வண்டி விடுவதில்லை. அன் பாங் கடற்கரை சைக்கிளில் இருபது நிமிடம். ஒருநாள் காலையில் மி சன் போய், அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் அரசர்கள் கட்டிய சிவன் கோயில்களைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பி வந்து கடலில் இறங்கினோம். நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது. வேறு என்ன யோசனை?

பதில்: மெதுநடை

மார்ச் என்றால் கடற்காகம் சொல்வது அத்தனையும் சரி. அக்டோபர் என்றால் வேண்டாம்.

நான் ஹோய் அன் போனது அக்டோபர் கடைசியில். டிக்கெட்டும் அறையும் மலிவாகக் கிடைத்தபோதே ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி விடுதிக்காரப் பெண் கதவைத் தட்டி, பெட்டிகளை மாடிக்கு ஏற்றிவிடுங்கள் என்றார். காலையில் எழுந்து பார்த்தால், து போன் ஆற்றை ஒட்டிய பாக் டாங் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். அதில் படகு போகிறது! ஊர்க்காரர்கள் துளிகூடப் பதறவில்லை. அவர்களுக்கு அது வருடா வருடம் நடப்பது. பழைய வீடுகளில் மேல்தளத்துத் தரையிலேயே ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் சரக்கை மேலே தூக்குவதற்கு. எனக்கு அந்தக் காட்சி பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஐந்து நாளும் கடற்கரையில் சிவப்புக் கொடி. ஒரு தடவைகூடக் கால் நனைக்கவில்லை. உங்கள் பையன் ஒத்துக்கொள்வானா?

வியட்நாமின் நடுப்பகுதியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அதிலும் அக்டோபர், நவம்பர்தான் உச்சம். பிப்ரவரி முதல் மே வரை போனால் அதே ஊர் சொர்க்கம். அத்தையை மி சன்னுக்கு ஒருநாள் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஆனால் இன்னொரு வருடம். இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020-ல் ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்கடியில் கிடைத்தது.

இனி டுப்ரோவ்னிக். அங்கே என் அம்மாவைக் கூட்டிப் போனேன். செய்யக் கூடாத தப்பையும் செய்தேன். மதிலுக்குள்ளேயே தங்க வேண்டும் என்று அடம்பிடித்து அறை எடுத்தேன். படங்களில் எல்லோரும் காட்டுவது நடுவில் போகும் ஸ்ட்ராடுன் வீதி. கண்ணாடி மாதிரி தேய்ந்த சுண்ணாம்புக்கல், ஒரு மேடு பள்ளம் கிடையாது. அதைப் பார்த்து ஏமாந்தேன். அந்த வீதிக்கு வடக்கே திரும்பும் சந்து ஒவ்வொன்றும் படிக்கட்டு! எங்கள் அறை எழுபது படிக்கு மேலே. மதிலுக்குள் வண்டி வராது, பெட்டியை நாம்தான் தூக்க வேண்டும். அம்மா காலையில் ஒருமுறை இறங்குவார், ராத்திரி ஒருமுறை ஏறுவார், அவ்வளவுதான். நடுவில் களைத்தால் அறைக்கு வந்து படுக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த மதிய ஓய்வுதானே முக்கியம்? மதில்மேல் நடை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், அதிலும் நிறையப் படி. நான் மட்டும் போய்ச் சுற்றி வந்தேன், அம்மா கீழே ஒரு நீரூற்றின் ஓரம் உட்கார்ந்திருந்தார். அழகில் அதற்கு ஈடு இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் நடு அக்டோபரில் அங்கே கடல் குளிர ஆரம்பித்துவிடும், கரை பெரும்பாலும் கூழாங்கல், படகுப் போக்குவரத்தும் குறைந்துவிடும்.

அந்த நாட்டில்தான் போக வேண்டும் என்றால் ஸ்பிளிட்டை மட்டும் எடுங்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிய அரண்மனைக்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். பெரும்பகுதி சமதளம். அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் பாச்வித்சே என்ற மணல் கரை. அதில் வெகுதூரம் போனாலும் தண்ணீர் முழங்காலுக்குத்தான்.

காலியைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் போனதில்லை.

என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஓர் ஊர்: துருக்கியின் தென்கரையில் சிடே. அக்டோபர் நடுவில் அங்கே கடல் சுமார் 25 டிகிரி இருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். வெயில் மட்டும் தணிந்திருக்கும். சின்னத் தீபகற்பம், அதன் மேலேயே பழைய ஊர், இரண்டு பக்கமும் மணல் கரை. நுனியில் அப்போலோ கோயில். இரண்டாம் நூற்றாண்டுக் கோயிலில் மிஞ்சியது ஐந்து தூண், அதையும் மறுபடி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பின்னால் நேராகக் கடல். பழைய ரோமக் குளியல் மண்டபம் ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். சில தெருக்களில் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே ரோம வீட்டுச் சுவர் தெரியும். உங்கள் பையன் அதன்மேல் குதிப்பான், பிடித்துக்கொள்ளுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். முக்கிய வீதி முழுக்கக் கடைதான். போலி கைக்கடிகாரமும் தோல்பையும். கோயிலைப் பார்க்கப் போனவள் அந்த வீதியில் முகத்தைச் சுளித்தபடி நடந்தேன். காலை எட்டு மணிக்கு முன்பு போனால் கடைகள் திறந்திருக்காது, ஊர் உங்களுடையது.

மூன்றுபெட்டி

அக்கா, சிடே என்ற பேரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ராத்திரி முழுக்க மேப் பார்த்தேன். இரண்டு சந்தேகம். அங்கே தங்குமிடம் என்று தேடினால், எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் பெரிய ரிசார்ட்களாக வருகிறது. கணவருக்கு அதில் ஒரு கண். அதை எடுக்கலாமா? அப்புறம் அஸ்பெண்டோஸ் என்ற பழைய ரோம அரங்கம் பக்கத்தில் இருக்கிறதே, அத்தை ஏற முடியுமா?

மெதுநடை

ரிசார்ட் தப்பில்லை, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டால், வெளியே போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டமாகத் தோன்றும். நீச்சல்குளத்தை விட்டுப் பையன் நகர மாட்டான், கணவரும் கூட உட்கார்ந்துகொள்வார், நீங்கள் ஒருத்தி மட்டும் டாக்ஸி பிடித்து ஊர் பார்ப்பீர்கள். எனக்கு அது நடந்தது.

விளம்பரத்தில் ஊர்ப் பேரைப் பார்த்து எடுக்காதீர்கள். சிடே என்று போட்டுவிட்டுப் பழைய ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி இரண்டு விஷயம் பாருங்கள். விடுதிக்கும் கடலுக்கும் நடுவில் என்ன போகிறது? இதே கரையில் இன்னும் கிழக்கே அலான்யா பக்கம் போனால் பல இடங்களில் கடலோர நெடுஞ்சாலை குறுக்கே ஓடுகிறது, சுரங்க வழியில் இறங்கி ஏறித்தான் மணலைத் தொட வேண்டும். அத்தைக்கு அதுவே பத்துப் படி ஆகிவிடும். இரண்டாவது, கரை மணலா கல்லா? அன்டால்யா நகரத்திலேயே மேற்கே கோன்யால்ட்டி முழுக்கக் கூழாங்கல், கிழக்கே லாரா மணல். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். விருந்தினர்கள் எடுத்துப் போடும் படங்களில் காலைப் பாருங்கள். ரப்பர் செருப்பு போட்டிருந்தால் கல்.

என் யோசனை: பழைய ஊரிலிருந்து மேற்குக் கரையோரமாக நடக்கும் தூரத்தில் சின்ன விடுதி, ஆறு ராத்திரி. தீபகற்பத்துக்கு உள்ளே வேண்டாம். அங்கே வண்டி நுழையக் கட்டுப்பாடு உண்டு, மறுபடி பெட்டி தூக்கும் கதைதான். கடைசி இரண்டு ராத்திரி அன்டால்யாவின் பழைய பகுதியான கலேயிச்சி. ஹேட்ரியன் வாயில் வழியாக உள்ளே போகலாம். பேரரசர் ஹேட்ரியன் 130-ல் வந்ததை ஒட்டி எழுப்பியது. வாயிலின் தரையில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் இருக்கும், பையனிடம் காட்டுங்கள். துறைமுகம் செங்குத்தாகக் கீழே, ஆனால் மேலே சதுக்கத்திலிருந்து லிஃப்ட் இருக்கிறது.

அஸ்பெண்டோஸ் தாராளமாகப் போகலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் வருகிறது, மாறும் நாளன்று இறங்கிப் பார்த்துவிடுங்கள். மேடைச் சுவர் வழியாகத் தரைமட்டத்திலேயே உள்ளே நுழையலாம், அத்தை ஒரு வரிசைகூட ஏற வேண்டாம். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரிலியஸ் காலத்துக் கட்டடம் இவ்வளவு முழுசாக நிற்கக் காரணம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட செல்ஜுக் சுல்தான்கள் பழுது பார்த்துத் தங்களுக்கு மாளிகையாக வைத்துக்கொண்டதுதான். பயன்பாட்டில் இருந்ததால் கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை.

பதில்: தீவுக்காரி

காலிக்காக ஒரு வார்த்தை. அக்டோபரில் அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இடியும் மழையும், ஆகவே இப்போது வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். டிசம்பர் முதல் மார்ச் வரை லீவு கிடைத்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள். 1588-ல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1649-க்குப் பிறகு ஒல்லாந்தர் பெரிதாக்கிய கோட்டை. உள்ளே தெருக்கள் நேர்நேராக, சமமாக இருக்கும். மதில்மேல் புல்தரை, சாயங்காலம் பாதி ஊர் அங்கேதான். 2004 சுனாமியின்போது வெளியே நகரம் சிதைந்தது, அந்த மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது.

தமிழ் வாசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ம் ஆண்டிட்ட கல் ஒன்றைக் கொண்டுவந்து நாட்டினார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் எழுத்து. சீனப் பகுதியில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குக் காணிக்கை. 1911-ல் காலியில்தான் அந்தக் கல் கிடைத்தது. ஆனால் காலியில் போய்த் தேடாதீர்கள், அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் தேடி ஒரு முழு மதியத்தைத் தொலைத்தேன்.

மே முதல் செப்டம்பர் வரை என்றால் கிழக்குக் கரைக்கு வாருங்கள். மேற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் திருகோணமலையும் நிலாவெளியும் குளம் மாதிரி இருக்கும்.

கடற்காகம்

மெதுநடை சொன்னதும் எங்கள் மார்ச் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு, வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். என் தலைக்கு மேலே ஒரு கோடு. அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன், அது என்னவென்றே அன்று கேட்கவில்லை. என் பதிலை வாபஸ் வாங்குகிறேன்.

மூன்றுபெட்டி

சிடே ஆறு ராத்திரி, அன்டால்யா இரண்டு. நேற்று விடுதி எடுத்துவிட்டோம். கடலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதையும் சில பனைமரங்களும்தான், பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கால்களையும் பார்த்தேன் அக்கா, எல்லாம் வெறுங்கால்.

அத்தையிடம் ஐந்து தூண் படத்தைக் காட்டினேன். ஒரே கேள்வி கேட்டார்: அங்கே சூரியன் கடலில் விழுமா, எத்தனை மணிக்கு?

மெதுநடை

விழும். அந்த வாரத்தில் ஆறேகால் சுமாருக்கு. ஐந்தரைக்கே போய்விடச் சொல்லுங்கள், படம் எடுப்பவர்கள் கூட்டம் வந்துவிடும். கூடவே ஒரு மடக்கு நாற்காலி.