டிரைட்டான் நட்சத்திரத்தை மறைத்த இரவு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

துலூஸ்காரன்:

2017 அக்டோபர் 5 இரவு நெப்டியூனின் நிலாவான டிரைட்டான் ஒரு நட்சத்திரத்தை மறைத்து, அந்த நிழல் ஐரோப்பா மேல் போனதே, அதைப் பார்த்தவர்கள் இங்கே உண்டா? அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதைக் குடைகிறது.

பிரான்சில் துலூசுக்குத் தெற்கே அறுவடை முடிந்த வயல் ஓரம், 10 அங்குலத் தொலைநோக்கி, வீடியோ கேமரா. வானத்தில் பௌர்ணமி, பக்கத்திலேயே நெப்டியூனின் வெளிச்சம். நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் இருக்கும். திரையில் நட்சத்திரமும் டிரைட்டானும் சேர்ந்து ஒரே புள்ளி. அது மங்கத் தொடங்கியது. நம் நிலா மறைக்கும்போது பட்டென்று போய்விடும். இது விளக்குத் திரியை இறக்கியதுபோல வடிந்தது. சுமார் 430 கோடி கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு மெல்லிய காற்றுப் படலம் அந்த ஒளியை வளைத்து வடிய வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் பேட்டரி கம்பி தளர்ந்ததோ என்று குனிந்தேன். சில வினாடிகள்தான். வீடியோவில் சரியாக அங்கே ஒரு சின்னப் புடைப்பு. நிழலின் மையக் கோட்டை ஒட்டி நின்றவர்களுக்கு, மறைப்பின் நடுவில் ஒளி கொஞ்ச நேரம் ஏறி இறங்கியதாகப் பதிவான 'மைய மின்னல்' அதுதானா, வெறும் காற்று நடுக்கமா?

வாணியம்பாடி:

டிரைட்டான் பார்க்கவில்லை. ஒரு சிறுகோள் மறைப்பு மட்டும், ஜவ்வாது மலை அடிவாரத்தில். நான்கு வினாடி. என் மகள் கண்ணை எடுக்காமல் "அப்பா, காணோம்... வந்துடுச்சு" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கலையில் நம் ஊர் யாருக்கும் குறைந்ததில்லை. யுரேனஸ் வளையங்களைக் கண்டுபிடித்ததே நம் காவலூர் வானாய்வகம்தான், 1977 மார்ச் 10.

பெங்களூர்:

ஐயா, அதைச் சரியாகச் சொல்லுங்கள். காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், யுரேனஸ் மறைக்கவிருந்த நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று குறைந்ததைப் பதிவு செய்தார்கள். அது உண்மை, பெரிய சாதனை. ஆனால் முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றுதான் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் அமெரிக்க வானியலாளர் எலியட்டின் குழுவுக்கு, கோள் மறைப்பதற்கு முன் ஐந்து இறக்கங்கள், பின் ஐந்து கிடைத்தன. இரண்டு பக்கமும் பொருந்தியதால்தான் வளையம் என்று தெரிந்தது. காவலூரின் பதிவு அதற்கு வலு சேர்த்தது. அந்தப் பெருமையே போதும், கூட்டிச் சொல்ல வேண்டாம்.

என் கதை சின்னது. 2020 ஜூன் 6 இரவு புளூட்டோ மறைப்பு. நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி அதைப் பிடித்தது. எனக்கு மொட்டை மாடியில் மேகம்.

கோவை:

நான் ஒரே ஒரு மறைப்புதான் பிடித்தேன், அதிலும் நேரம் தப்பு. அதனால் சொல்கிறேன். போன் கடிகாரத்தை நம்பாதீர்கள், ஜிபிஎஸ் நேரத்தை ஒவ்வொரு படத்திலும் பதியுங்கள். டிரைட்டான் நிழல் வினாடிக்கு சுமார் 17 கி.மீ. ஓடியது, பத்தில் ஒரு வினாடி பிசகினால் அளவில் 1.7 கி.மீ. போச்சு. முந்தின இரவே அதே நேரத்துக்குப் போய் வானத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பழகுங்கள். ஐந்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்குங்கள், முடிந்த பிறகும் ஓட விடுங்கள். பனி பிடிக்காமல் தொலைநோக்கி முகப்பைச் சுற்றி உறை போடுங்கள். ஒன்றும் மறையவில்லையா, அதையும் அனுப்புங்கள். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சின்னப் பொருளான அரோகோத்துக்கு 2017 ஜூன் 3 அன்று யாருக்கும் நட்சத்திரம் மறையவில்லை. ஜூலை 17 அன்று தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் 24 தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள், ஐந்தில் மறைந்தது. அந்த ஐந்திலிருந்துதான் அது இரட்டை மடல் வடிவமாக இருக்கலாம் என்று தெரிய வந்தது.

துலூஸ் நண்பரே, ஒளி பாதியாக விழுந்த நேரத்தையும் பாதியாக ஏறிய நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரி நடுவில்தான் மைய மின்னல் வரும். புடைப்பு எங்கே நிற்கிறது?

துலூஸ்காரன்:

இன்று உட்கார்ந்து அளந்தேன். நடுவிலிருந்து ஆறு வினாடி தள்ளி நிற்கிறது. சுமார் 100 கி.மீ. அப்படியென்றால் காற்று நடுக்கம்தான். வீடியோ கோப்பை நாளை அனுப்புகிறேன், நான் குனிந்த இடத்தையும் குறித்து.