இம்பாக்ட் ரெஞ்ச்: ‘அடிமுறுக்கி’ சரிவருமா?

நண்பர்களே,

வீல் நட்டு போன்றவற்றைக் கழற்றவும் இறுக்கவும் உதவும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்களில் ‘தாக்கத் திருகி’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அது ஒட்டவில்லை. தாக்கம் என்றாலே புயலின் தாக்கம், விலைவாசியின் தாக்கம் என்றுதான் காதில் விழுகிறது. இந்தக் கருவி செய்வது அடி. உள்ளே ஒரு சிறு சுத்தியல் சுழன்று, நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் தண்டைப் பக்கவாட்டில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடிக்கிறது. அதனால்தான் நம் மணிக்கட்டைத் திருப்பாமல், துருப்பிடித்த வீல் நட்டு கழல்கிறது. சென்னை புதுப்பேட்டை மெக்கானிக்கும் இந்தக் கருவியைக் ‘கன்’ என்று குறிப்பிட்டு, ‘கன் வச்சு அடி’ என்றுதான் சொல்வார்.

ஆகவே ‘அடிமுறுக்கி’. டார்க்கை, அதாவது திருப்பும் விசையை, முறுக்குவிசை என்று பலரும் எழுதுவதால் அதோடும் பொருந்தும். மரையை முடுக்குவது என்பது நல்ல வழக்குதான், ஆனால் ‘முடுக்கி’ ஆக்சிலரேட்டருக்குப் போய்விட்டது. ‘தட்டுமுறுக்கி’ வேண்டவே வேண்டாம், பலகாரக் கடை ஞாபகம் வரும்.

திருகாணி முடுக்கும் இம்பாக்ட் டிரைவரை ‘அடித்திருப்புளி’ என்றால் கடையில் வரும் குழப்பமும் தீரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிரைவருக்குக் கால் அங்குல அறுகோணக் குழி. காருக்கு வாங்க வேண்டிய ரெஞ்சுக்கு அரை அங்குலச் சதுரத் தண்டு. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் சாக்கெட் வாங்கும்போதும் ‘அடி தாங்குவது’ என்று கேட்டு, கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டாக வாங்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் உடைந்து தெறிக்கலாம்.

சொல்லோடு தரும் விளக்கத்தில், கழற்றும் முறுக்குவிசையை ‘கழற்றுமுறுக்கு’, இறுக்கும் முறுக்குவிசையை ‘இறுக்குமுறுக்கு’ என இரண்டையும் பிரித்துத் தரவேண்டும். சிறிய காரின் வீல் நட்டை இறுக்கச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் போதும். டயர் கடையில் காற்றழுத்தத்தில் ஓடும் காற்றுக் கன்னால் கண்மூடித்தனமாக இறுக்கியதைக் கழற்ற அதைப்போல இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கழற்றும் எண்தான். அதே கருவியின் இறுக்கும் எண் குறைவாக இருக்கும். திரும்ப மாட்டும்போது கையால் திருகி, கடைசி இறுக்கத்தை, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சில், அதாவது ‘அளவுமுறுக்கி’யில், முடிப்பதே முறை.

கார்ட்லெஸ்ஸுக்கு ‘கம்பியில்லா’ என்பதை நான் ஏற்கவில்லை. காற்றுக் கன்னுக்கும் கம்பி கிடையாது, குழாய்தானே? பேட்டரியில் ஓடுவதை ‘மின்கல அடிமுறுக்கி’ என்போம். மற்றது ‘காற்று அடிமுறுக்கி’. அதை மட்டும் பிரித்தே எழுதுங்கள். சேர்த்தால் ‘காற்றடி முறுக்கி’ ஆகி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பு என்று நினைத்துவிடுவார்கள்.