பைத்தான்: கோப்பில் புதுப் பெயர் எழுதினால் பழைய பெயர் எல்லாம் காணோம்!

பந்தல்_பையன், பினாங்கு:
வணக்கம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுறோம். நன்கொடை கொடுத்தவர் பெயர், தொகை இரண்டையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுத பைத்தானில் சின்ன நிரல் செய்தேன். கோப்பைத் திறக்கிற ஓப்பன் கட்டளையில் கோப்பு பெயருக்கு அடுத்து, எழுதத் திறக்கணும்னு சொல்ற 'டபிள்யூ', அப்புறம் ரைட், குளோஸ். பிழை எதுவும் வரல. நேற்று 23 பேரைப் பதிந்தேன், இன்று திறந்தா கடைசி ஆள் மட்டும், 50 வெள்ளியோட (ரிங்கிட்) தனியா நிக்கிறார். தலைவர் பட்டியல் கேட்கிறார். உதவுங்க லா.

செந்தூல்காரன்:
'டபிள்யூ'வுக்குப் பதிலா 'ஆர் பிளஸ்' போடுங்க தம்பி. அழியாது. நான் கடைக் கணக்குக்கு அதான் போடுறேன்.

பாயான்லெப்பாஸ்_அக்கா:
அண்ணே, அழியாதுதான். ஆனா கோப்பின் தலையிலிருந்து எழுத ஆரம்பிக்கும். முதல் வரியில் 'முத்துக்குமார்' இருந்து, நீங்க 'ராஜா' எழுதினா 'ராஜாதுக்குமார்' ஆகிடும்.

தம்பி, ரைட் வரியைச் சந்தேகப்படாதீங்க. 'டபிள்யூ'வில் திறந்த நொடியே கோப்பு காலி. ஒரு எழுத்துகூட எழுதாம மூடினாலும் பூஜ்யம் பைட்தான் மிஞ்சும். ஆளுக்கு ஒரு தடவை திறக்கிறீங்க, ஆளுக்கு ஒரு தடவை துடைச்சிருக்கீங்க. அந்த இடத்தில் 'ஏ' போடுங்க. அப்பெண்ட். கோப்பு இல்லைன்னா புதுசா உருவாக்கும், இருந்தா கடைசியில் சேர்க்கும். அப்படியே 'வித் ஓப்பன்' என்று எழுதிப் பழகுங்க, குளோஸ் தானே நடக்கும்.

பந்தல்_பையன்:
அக்கா, பெயர் நிக்குது! ஆனா எல்லாரும் ஒரே வரியில் ஒட்டிக்கிட்டு இருக்காங்க. இன்னொன்று, வீட்டு மேக்கில் ஓடுது, கமிட்டியின் விண்டோஸ் லேப்டாப்பில் 'சார்மேப்' என்று ஏதோ பிழை.

பாயான்லெப்பாஸ்_அக்கா:
பிரிண்ட் மாதிரி ரைட் தானா அடுத்த வரிக்கு இறங்காது. எழுதுவதன் கடைசியில் பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் நீங்கதான் சேர்க்கணும். தலைப்பு வரியை நோட்பேடில் கையால் தட்டியிருந்தா, அதன் கடைசியில் ஒரு எண்டர் அடிச்சு சேமிங்க. இல்லைன்னா முதல் ஆள் தலைப்போட ஒட்டிக்குவார். நான் அரை நாள் தேடிய பிழை இது.

சார்மேப் விஷயம்: நீங்க குறியாக்கம் (எழுத்தை எண்ணா மாத்திக் கோப்பில் சேமிக்கிற முறை) சொல்லாததால் அந்த லேப்டாப் தன் பழைய குறியாக்கத்தை எடுத்துக்குது, அதில் தமிழ் கிடையாது. ஓப்பனுக்குள்ளேயே என்கோடிங் 'யூடிஎஃப்-8' என்று எழுதிடுங்க. படிக்கும்போதும் அதேதான்.

போன 22 பேரை 'ஏ' கொண்டுவராது. ரசீது புத்தகம் இருக்கா?

செந்தூல்காரன்:
என் கணக்கில் முதல் வரி மட்டும் ஏன் எப்பவும் கோணலா இருக்குன்னு இப்பதான் புரியுது.

பந்தல்_பையன்:
அடிக்கட்டையைப் பார்த்து எல்லாரையும் திரும்பத் தட்டியாச்சு அக்கா, 23 வரி. ஒருத்தர் கையெழுத்து மட்டும் பிடிபடல. 'குணா'வா 'குமா'வா என்று தலைவர்கிட்ட கேட்கணும்.