தேம்ஸ் லாக்கின் கீழ்க்கதவு திறக்கவில்லை: கசிவைக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். நான் 57 அடி நீளமுள்ள நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) வைத்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேலே, மின்விசையின்றிக் கையால் இயக்கப்படும் தேம்ஸ் நதி லாக் (இரு முனையிலும் கதவுகள் கொண்ட தொட்டியில் நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் அமைப்பு) ஒன்றில் வார இறுதிகளில் தன்னார்வலராக உதவுகிறேன். மூன்று வாரங்களாக, கீழ்மதகுகளை (கீழ்முனையில் நீரை வெளியேற்றும் பலகை அடைப்புகளை) முழுவதும் திறந்து தொட்டியை வடித்தாலும், உள்ளிருக்கும் நீர்மட்டம் கீழ்நதியைவிட ஏறக்குறைய 2 அங்குலம் உயர்ந்தே நின்றுவிடுகிறது. மேல்நோக்கி ஆப்பு வடிவில் சேரும் கதவுகள் என்பதால், அந்த 2 அங்குல நீரே அவற்றை அழுத்தி மூடி வைத்துவிடுகிறது.

மேல்மதகுகள் கடைசிவரை இறங்கியிருப்பதை இருமுறை சரிபார்த்தோம். இருபது நிமிடம் காத்திருந்தோம். கதவைத் திறக்கத் தள்ளும் நெம்புமரத்தை நால்வர் சேர்ந்து தள்ளியபோது கதவு அசைந்தது, ஆனால் முதுகுவலிதான் மிச்சம் என்று மூத்த தன்னார்வலர் ஒருவர் விலகிக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தம். படகின் முகப்பால் கதவை முட்டித் திறக்க நான் இசையவில்லை, மரம் பிளந்துவிடும். கொக்கிக்கழியால் துழாவியதில் ஒரு கிளை மட்டும் சிக்கியது. எல்லா மதகுகளையும் மூடிவிட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தில் தொட்டியின் நீர் கண்ணுக்குத் தெரியும்படி ஏறுகிறது. ஆகவே மேலிருந்து கசிவு இருப்பது உறுதி. பொறுப்பாளரிடம் தெரிவித்துவிட்டோம், முக்குளிப்பவர் வரச் சில வாரங்களாகும்.

அதுவரை, நீரை முழுவதும் வடிக்காமல், கசிவு மேல்மதகின் பலகையிலா, மேல்கதவு அடியில் பொருந்தி நிற்கும் அடிப்படியிலா என்று கரையில் நின்றபடியே எப்படிப் பிரித்தறிவது?